கல்லறைத் திருநாளுக்குள் ஒரு உதவி வேண்டும்

குளச்சல் பக்கத்து நம்ம ஊர் அண்ணன்மார், அக்காமார், மைனிமார் எல்லோருக்கும் வணக்கம்.

போன கல்லறைத் திருநாளுக்குப் பிறகு ஊரில் 11 பேர் இறந்திருக்கிறார்கள். வருகிற நவம்பர் 2க்குள் அவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதிச் சின்னப் புத்தகம் போடப் பார்க்கிறோம். போஸ்டரில் வரும் ‘ஆழ்ந்த இரங்கல்’ மாதிரி வேண்டாம்.

கடற்கரைத் தெரு தாத்தாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மலையுச்சியையும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேராக வைத்துப் பார்த்து, இன்னொரு பக்கம் தென்னந்தோப்பைக் குறி வைத்து, கடலடியில் பார் (மீன் கூடும் பாறைத்திட்டு) இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுவார். கணியம் பார்ப்பது அது. ஜிபிஎஸ் வந்த பிறகும் எட்டிப் பார்த்து, “சரியாத்தான் காட்டுது” என்று மெஷினுக்கு மார்க் போடுவார்! எந்தப் பாருக்கு எந்த அடையாளம்? அவரோடு வள்ளத்தில் போனவர்கள் வாய்ஸ் மெசேஜில் சொல்லுங்கள்.

மீன் விற்ற பாட்டிக்கு ஆதார் படம் தவிர வேறு படம் இல்லை. அதில் இருப்பது அவர் மாதிரியே இல்லை. உங்கள் கல்யாண ஆல்பங்களில் கடைசிப் பந்தியைப் பாருங்கள், அங்கேதான் உட்காருவார். 2017 ஒக்கிப் புயலில் மகனைக் கடலுக்குக் கொடுத்தவர். அதை எழுதுவது வீட்டார் சம்மதித்தால்தான்.

படங்களை டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் அச்சில் மங்கிவிடும். அக்டோபர் 15 கடைசி.

அப்புறம், பட்டப்பெயர்கள். வீட்டார் முன்னால் சொல்லக்கூடியதை மட்டும் அனுப்புங்கள்.