கடற்கரையில் சோபே சுட யோசனை வேண்டும்

வணக்கம். மெக்சிகோவின் வஹாக்கா மாநிலம், புவெர்த்தோ எஸ்கொந்திதோ கடற்கரையில் சனி மாலை எட்டுப் பேருக்குச் சோபேயும் (விளிம்பு உயர்த்திய கனமான மக்காச்சோள மாவு அப்பம்) சுட்ட சோளமும் செய்கிறோம். கரி அடுப்பு, மேலே இரும்புக் கோமால், நம்ம தோசைக்கல்தான்.

மாவு: 4 கப் மாசா அரினா, 3 கப் வெதுவெதுப்பான நீர், 1 தேக்கரண்டி உப்பு. பிசைந்து ஈரத்துணி மூடி 20 நிமிடம். (சாதா மக்காச்சோள மாவு உதவாது. மாசா அரினா, அதாவது சுண்ணாம்பு நீரில் வெந்த சோளத்தின் மாவுதான் ஒட்டிப் பிடிக்கும்.) 50 கிராம் உருண்டை, அரை செ.மீ. கனத்தில் தட்டி, பக்கத்துக்கு ஒரு நிமிடம் சுட்டு, சூட்டோடு விளிம்பைக் கிள்ளி உயர்த்த வேண்டும். பிறகு பீன்ஸ் மசியல், சீஸ், சல்சா.

சிக்கல் காற்றுதான். மாவு நிமிடத்தில் காய்ந்து விளிம்பு வெடிக்கிறது. கல்லும் ஒரு பக்கம் ஆறிவிடுவதால் அங்கே மாவு ஒட்டிக்கொண்டு பிய்கிறது. அடுப்பைச் சுற்றி மணல் அணைத்தால் கீழே காற்றோட்டம் அடைபட்டுக் கரி அணைகிறது.

கேள்விகள்:
காற்று மறைப்பை எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் வைப்பது?
வீட்டிலேயே முக்கால் பதம் சுட்டு, விளிம்பு கிள்ளி எடுத்துப்போனால் மறுசூட்டில் ரப்பராகுமா? மேலே பன்றிக் கொழுப்பு தடவினால் சரியாகுமா?
சோளத்துக்கான மயோனைஸ் 32 டிகிரிக்கு மேல் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. பதிலாகக் க்ரேமா (மெக்சிகோவின் புளித்த பாலேடு) போதுமா, அதற்கும் ஐஸ் பெட்டிதானா?

எலுமிச்சையை நிழலில் பிழியுங்கள். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்பளிக்கும்.

கரியில் சுட்டுப் பழகியவர்கள் வெள்ளிக்குள் சொன்னால் நல்லது.