'கண்டான்' வேர்ச்சொல் 'கண்'ணாம்! வழி சொல்லுங்க

வணக்கம். திருவாரூர் பக்கம் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன், 31 பிள்ளைகள். ஜூன் மாசத்துலேர்ந்து வேர்ச்சொல்லோடு மல்லுக்கட்டுறேன். நடந்தான், நடை, நடத்தைன்னு எழுதிப் போட்டா 'நட'ன்னு டக்குனு சொல்றாங்க. 'வந்தான்'னா 'வந்து'ங்கிறாங்க, 'கண்டான்'னா 'கண்'.

கட்டளையா மாத்திச் சொல்லவெச்சேன். "தம்பியை எப்படிக் கூப்பிடுவே?"ன்னதும் 'வா' பிடிபட்டுருச்சு. 'காண்', 'தா' மட்டும் ஏறவே இல்ல. வீட்டுல 'பாரு', 'குடு'ன்னுதானே பேசுறாங்க, அதுங்க மேல தப்பில்ல. அட்டை விளையாட்டும் வெச்சுப் பார்த்தேன். ரெண்டு நாள் நின்னுச்சு, மூணாம் நாள் பழையபடி 'கண்'.

'பகீரதப் பிரயத்தனம்' (பெருமுயற்சி) மாதிரி புராணத்துலேர்ந்து வந்த சொற்றொடரும் இதே கதைதான். பகீரதன் கங்கையைக் கொண்டுவந்ததை வாய் பிளந்து கேட்டாங்க. வாக்கியத்துல போடச் சொன்னா, "அப்பா குழாயடியில் பகீரதப் பிரயத்தனம் பிடித்தார்"னு ஒருத்தன் எழுதியிருக்கான். (குடத்தையும் படம் போட்டிருந்தான்!) தகவல் கட்டுரை இன்னும் மோசம், "ஒரு ஊரில் ஒரு நெல் இருந்தது"ன்னு ஆரம்பிக்குது. அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். அடுத்த வாரம் தேர்வு.

பேச்சுல புழங்காத காண், தா மாதிரி வேர்ச்சொற்களைப் பிள்ளைங்க மனசுல நிறுத்த, உங்க வகுப்புல எந்தப் பயிற்சி பலிச்சுது?