பாரதி தெரு குழு: கேமரா ஒயரிங்

[காலை 7:10] ரேவதி: செல்வம் அண்ணா, வீட்டுக் கேமராவுக்கு நேத்து கேமரா போடுறவங்க வந்து அளவெடுத்துட்டுப் போனாங்க. ஹாலில் ரெக்கார்டர். அங்கிருந்து போர்ட்டிகோ 18 மீட்டர், மாடிப்படி 22, கிணத்தடி 27, கேட் 40. கேட்டுல மட்டும் ரெண்டு கேமரா, மொத்தம் அஞ்சு. கேட்6ங்கிற நெட்வொர்க் ஒயர்லயே 12 வோல்ட்டையும் ஸ்ப்ளிட்டர் (டேட்டாவையும் கரண்ட்டையும் பிரிக்கிற இணைப்பு) வச்சு அனுப்பிடலாம், தனி கரண்ட் ஒயர் வேண்டாம்ங்கிறாங்க. சரியா வருமா?

[7:24] செல்வம்: ஒரே ஒயர்ல டேட்டாவும் கரண்ட்டும் போறது நல்ல முறைதான்மா. 12 வோல்ட்டா அனுப்புறதுதான் தப்பு. கேட் கணக்கைப் பாரு. 24 கேஜ் (இழையோட தடிமன் அளவு) செம்புன்னா ஒரு இழைக்கு மீட்டருக்கு 0.084 ஓம். பிளஸ்ஸுக்கு ரெண்டு இழை, மைனஸுக்கு ரெண்டு இழை சேர்த்தாலும் 40 மீட்டர் போய்த் திரும்ப 3.4 ஓம். ராத்திரி ஐஆர் விளக்கு (இருட்டுல படம் தெரிய கேமராவுல இருக்கிறது) எரியும்போது கேமரா 7 வாட் கேட்கும். அப்போ அங்க போய்ச் சேர்றது ஒன்பதரை வோல்ட்.

[7:26] செல்வம்: பகல்ல நல்லா ஓடும். இருட்டினதும் ஐஆர் எரியும், வோல்டேஜ் விழும், கேமரா அணைஞ்சு திரும்ப ஏறும், மறுபடி ஐஆர். விடியுற வரைக்கும் இதே கதை. எல்லாரும் கேமராவைத்தான் மாத்துவாங்க, பழுது ஒயர்ல இருக்கும்.

[7:31] கார்த்திக்: அக்கா, பிஓஇ ஸ்விட்ச் வாங்குங்க, நெட்வொர்க் ஒயர்லயே கரண்ட்டையும் அனுப்புற பெட்டி. அதுல 48 வோல்ட். அதே 7 வாட்டுக்கு 0.15 ஆம்பியர்கூட வராது, அதே 40 மீட்டர்ல இழப்பு அரை வோல்ட். ஒரே ஒயர் 100 மீட்டர் வரைக்கும் தாங்கும். பெட்டி மேல பிஓஇ தரக்குறியீடு 802.3ஏஎஃப், இல்லைன்னா 802.3ஏடின்னு இருக்கணும். வெறும் ‘48 வோல்ட் பாசிவ்’னு இருந்தா வேண்டாம். ஏஎஃப், ஏடி ஸ்விட்ச் முதல்ல எதிர்ல பிஓஇ சாதனம் இருக்கான்னு சோதிச்சுட்டுத்தான் கரண்ட் விடும். பாசிவ் சோதிக்காது, தெரியாம லேப்டாப்பைச் செருகினா போர்ட் போயிடும்.

[7:33] ரேவதி: கேட்டுல இருக்கிற ரெண்டுக்கும் ஒரே ஒயர் போதுமா தம்பி? தரைக்குழாய் ஒண்ணுதான் இருக்கு.

[7:40] கார்த்திக்: போதும். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, கேட் பக்கம் ஒரு உள், ரெண்டு வெளி உள்ள பிஓஇ எக்ஸ்டெண்டர், வர்ற ஒரு ஒயரை ரெண்டு கேமராவுக்குப் பிரிச்சுக் கொடுக்கிற சின்னப் பெட்டி. இன்னொண்ணு, ரெண்டு முனையிலயும் ஒய் மாதிரி ஜோடி அடாப்டர். 100 எம்பிபிஎஸ் டேட்டா வேகத்துக்கு ரெண்டு ஜோடி இழை போதும்கிறதால நாலு ஜோடியை ரெண்டா பிரிக்கும். ஆனா ஸ்விட்ச், பின் எண் 1-2, 3-6 இழைகள்ல கரண்ட் விடுற வகையா இருக்கணும். 4-5, 7-8ல விடுறதா இருந்தா கேமரா ஆன் ஆகாது. அதோட ஸ்விட்ச்ல ரெண்டு போர்ட் செலவாகும். எனக்கு எக்ஸ்டெண்டர்தான் பிடிக்கும்.

[7:42] கார்த்திக்: அதுல ஒரு கவனம். கேமரா ரெண்டுக்கு 14 வாட், எக்ஸ்டெண்டருக்கு 3ன்னு வைங்க, 17 ஆச்சு. ஏஎஃப் போர்ட் கொடுக்கிறதே 15.4, அந்த முனைக்குச் சேர உத்தரவாதம் 12.95தான். அதனால அந்த போர்ட் ஏடி, 30 வாட் வகையா இருக்கணும். எக்ஸ்டெண்டரும் ஏடியா இருக்கணும். மொத்த லோடு 38 வாட், நாலு போர்ட் ஸ்விட்ச் மொத்தம் 60 வாட் கொடுக்கிறதா எடுத்தா தாராளம்.

[7:55] பாலு சார்: ஒயர் விஷயத்தைச் சொல்லுங்கப்பா. கடையில ‘கேட்6’னு மலிவா தர்றதுல பாதி சிசிஏ. அலுமினியத்து மேல செம்பு முலாம். தடை ஒன்றரை மடங்குக்கு மேல, ரெண்டு தடவை வளைச்சா ஒடியும்.

[7:58] செல்வம்: ஆமா சார். பிளேடால இழையைச் சுரண்டினா உள்ளே வெள்ளையா தெரியும். முழுப் பெட்டி வாங்கினா மல்டிமீட்டர்லயே பிடிக்கலாம்மா. ஒரு முனையில நீல ஜோடியை உரிச்சு ஒண்ணா முறுக்கு, மறுமுனையில ஓம் பாரு. 305 மீட்டருக்கு 23 கேஜ் செம்புன்னா 40 சொச்சம், 24 கேஜ்னா 50 சொச்சம். 23ன்னு போட்டிருந்து 65, 70 காட்டுச்சுன்னா திருப்பிக் கொடுத்துடு.

[8:03] ரேவதி: எங்களுக்கு 107 மீட்டர், நாலு ஒயருக்கும் முனை வேலைக்கு தலா 2 மீட்டர் சேர்த்தா 115. மீட்டர் கணக்குல வாங்கினா?

[8:05] செல்வம்: சுரண்டிப் பார்த்து வாங்கு. வெயில் படுற இடத்துக்கு கருப்பு பிஇ உறை போட்ட வெளிப்புற ஒயர். உள்ளே போடுற சாம்பல் உறை மொட்டைமாடி வெயில்ல வெடிச்சுடும்.

[8:06] செல்வம்: அந்த கேட் குழாய்ல இப்போ என்ன போகுது?

[8:07] ரேவதி: கேட் லைட் ஒயர்.

[8:11] செல்வம்: அப்போ அதுல விடக்கூடாது. 230 வோல்ட்டும் இதுவும் ஒரே குழாய்ல கூடவே கூடாது. உறை உரசிப்போனா கேமரா, ரெக்கார்டர் எல்லாத்துலயும் 230 ஏறும், தொடுற ஆளுக்கும் ஆபத்து. தனியா 25 மி.மீ பிவிசி குழாய் பதிக்கச் சொல்லு, ஒரு அடியாவது தள்ளி. குறுக்கே போகணும்னா நேர் குறுக்கா போகட்டும்.

[8:20] பாலு சார்: ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிக்கிறதா இருந்தா முனை வேலையைக் கூடவே இருந்து பாரும்மா. கேமராவோட வால் ஒயர்ல இருக்கிற ஆர்ஜே45க்கு (நெட்வொர்க் ஒயர் செருகுற இடம்) ரப்பர் வாஷர் வச்ச மூடி வரும். அதை முதல்ல ஒயர்ல கோத்துட்டுத்தான் கிரிம்ப் (ஒயர் முனையில பிளக்கை அழுத்திப் பொருத்துறது) பண்ணணும். மறந்துட்டு கிரிம்ப் பண்ணிட்டு மூடியைத் தூர எறிஞ்சுடுவாங்க. தண்ணி போச்சுன்னா 48 வோல்ட் டிசியில பின் பச்சை பூத்து, ரெண்டு மாசத்துல அரிச்சுப்போகும்.

[8:22] பாலு சார்: இணைப்பெல்லாம் ஜங்ஷன் பெட்டிக்குள்ள இருக்கட்டும். ஒயர் பெட்டிக்குக் கீழிருந்து ஏறணும், அதுக்கு முன்னாடி ஒரு தொங்கல் விடணும், மழைத்தண்ணி அங்கேயே சொட்டிடும். கேமராவோட 12 வோல்ட் வாலை எதுலயும் செருகாம டேப் சுத்தி விடணும்.

[8:30] கார்த்திக்: கிரிம்ப் வரிசை ரெண்டு முனையிலயும் ஒண்ணுதான்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். சிலர் ஜோடி ஜோடியா வரிசையா அடிச்சுடுவாங்க. ரெண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கிறதால எட்டு விளக்கு டெஸ்டர்ல எட்டும் எரியும். ஆனா ஒரே ஜோடியா இருக்க வேண்டிய 3, 6 வேற வேற ஜோடியில விழுந்திருக்கும், நீளமான ஒயர்ல படம் விட்டு விட்டு வரும்.

[8:34] ரேவதி: இடி?

[8:41] செல்வம்: கேட் ஒயருக்கு மட்டும் ஸ்விட்ச் பக்கம் ஒரு பிஓஇ சர்ஜ் புரொடெக்டர், திடீர்னு ஏறுற வோல்டேஜை எர்த்துக்குத் திருப்புற கருவி. அதோட பச்சை ஒயர் வீட்டு எர்த்துல சேரணும், சேரலைன்னா அது வெறும் டப்பா. நேரா பக்கத்துல விழுற இடிக்கு எதுவும் நிக்காதும்மா.

[8:44] கார்த்திக்: ஸ்விட்ச், ரெக்கார்டர், மோடம் மூணையும் இன்வெர்டர் லைன்ல கொடுங்க அக்கா, மொத்தம் 70 வாட்டுக்குள்ளதான். ஹார்டுடிஸ்க், கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ் வச்சா நாளைக்கு 43 ஜிபி, அஞ்சுக்கு 216. 2 டிபின்னா 9 நாள், 4 டிபின்னா 18.

[8:50] ரேவதி: 4 டிபி. குழாய்க்கு இன்னைக்கே கொத்தனாரைக் கூப்பிடுறேன்.

[8:52] செல்வம்: குழாய்க்குள்ள ஒயரோட ஒரு நைலான் கயிறும் இழுத்து வைக்கச் சொல்லு. அடுத்த ஒயர் விட தரையைத் தோண்ட வேண்டாம்.