ஐந்து பிள்ளைகள், வீட்டிலேயே படிப்பு: காலை வேலையை எப்படிச் சமாளிப்பது?

தக்கலை அம்மா:
மூத்தவளுக்கு 13 வயது, கடைக்குட்டிக்கு 2. யாரும் பள்ளிக்கூடம் போவதில்லை. புட்டு அவித்து, பயறு தாளித்து, பாத்திரம் கழுவி முடிக்க மணி 11 ஆகிறது. அதற்குள் சின்னவன் அக்காவின் கணக்கு நோட்டில் பழம் பிசைந்த கையை வைத்துவிடுகிறான். படிப்பை எப்போது தொடங்குவது?

குளச்சல்காரி:
அக்கா, படிப்பை அடுக்களைக்கே கொண்டுவாருங்கள். நான் மரச்சீனி நறுக்கும்போது என் எட்டு வயதுக்காரன் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வான்.

மார்த்தாண்டம் அப்பா:
எங்களுக்குத் துணிதான் பெரும்பாடு. ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை! ஆளுக்கொரு நாள் என்று துவைக்கப் பிரித்தபின் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. அப்புறம், என்ஐஓஎஸ் (பள்ளிக்கூடம் போகாமலே தேர்வு எழுத வழிசெய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி) பத்தாம் வகுப்பில் சேர 14 வயது ஆகியிருக்க வேண்டும். உங்கள் மூத்தவளுக்கு அது நெருங்கிவிட்டது. தம்பியைப் பார்க்கும் வேலையை அவள்மேல் போடாதீர்கள். காலையில் இரண்டு மணி நேரம் அவளுக்கே இருக்கட்டும்.

தக்கலை அம்மா:
சரி அண்ணா, நாளைக்கே மாடி அறையை ஒழித்துக் கொடுக்கிறேன்.