ஆதார் கார்டும் ஸ்கூல் டி.சி.யும்

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலைப் படிப்பு) முடிச்சு வேலூர்ல வேலைக்குச் சேர்ந்த மூணாவது வாரம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு போன். குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்துல, பத்தாவதோட நின்னு வீட்ல பீடி சுத்துற பொண்ணுக்கு நாலு நாள்ல கண்ணாலம்னு தகவல். ஆபீஸ்ல சீனியர் ஒருத்தரோட போனேன்.

பொண்ணோட நைனா ஆதாரை நீட்டினார். 18 முடிஞ்சு ரெண்டு மாசம். "சரியாத்தான் இருக்குது, கிளம்பலாம்"னார் சீனியர். அந்தப் பொண்ணு பீடித் தட்டை மடியில வெச்சுக்கிட்டு என்னையே பார்த்துச்சு. எனக்கு மனசு ஒப்பலை, வாயும் வரலை. அவருக்குப் பல வருஷ அனுபவம்.

பையில நோட்டு இருந்தது. ஜே.ஜே. ஆக்ட் 2015 (சிறார் நீதிச் சட்டம்), பிரிவு 94-ஐ எழுதி வெச்சிருந்தேன். வயசுக்கு முதல்ல ஸ்கூல் சான்றோ மெட்ரிக் (பத்தாவது) சான்றிதழோ, அது கிடைக்காட்டி உள்ளாட்சி கொடுக்கிற பிறப்புச் சான்று, ரெண்டுமே இல்லாதப்பதான் மருத்துவப் பரிசோதனை. ஆதார் அந்த வரிசையிலயே இல்ல. நடுங்கின குரல்லயே படிச்சுக் காட்டினேன். "சார், ஸ்கூல் ரெக்கார்டு பாக்காம நான் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட மாட்டேன்."

"இன்னாம்மா, நேத்து வந்த பொண்ணு எனக்குச் சட்டம் சொல்றியா?" ஊர்ஜனம் முன்னாடியே கேட்டார். அழுகை முட்டிக்கிட்டு வந்தது. அப்படியே ஸ்கூலுக்குப் போன் போட்டேன். ஹெச்.எம். பதிவேட்டைப் பார்த்துட்டுச் சொன்னாங்க: 16 வயசு. 24 மணி நேரத்துக்குள்ள குழந்தைகள் நலக் குழு முன்னாடி கூட்டிட்டுப் போனோம்.

மறுநாள் மேலதிகாரிகிட்ட தனியாப் போய், வாரம் ஒரு மணி நேரம் என் கேஸ்களைக் கூட உட்கார்ந்து பேசணும்னு கேட்டேன். கொடுத்தாங்க. எனக்கு மாற்றுக் கருத்து இருந்தா ஃபைல்லயே எழுதறேன்னும் கேட்டேன். அதுக்கு இன்னும் பதில் வரலை. திரும்பக் கேட்பேன்.

—

அக்கா, நான் ஆம்பூர். போன வருஷம் இதே மாதிரி ஒரு வீட்ல ஆதாரைக் காட்டினாங்க. கூட வந்தவர் தலையாட்டினார், நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன். அந்தப் பொண்ணு இப்போ கைக்குழந்தையோட இருக்குது. பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன், என்னை அடையாளம் தெரியல அதுக்கு. உங்க நோட்டுல வேற இன்னா எழுதி வெச்சிருக்கீங்க?

—

தம்பி, 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், பிரிவு 13: கண்ணாலத்துக்கு முன்னாடியே மாஜிஸ்திரேட்கிட்ட தடையாணை வாங்கலாம். அதையும் மீறி நடந்தா பிரிவு 14-படி அந்தக் கண்ணாலமே செல்லாது. முழுப் பக்கத்தையும் ராத்திரி போட்டோ எடுத்து அனுப்பறேன்.