விடியற்காலையில் செத்துப்போகும் கேலக்ஸி மீன்கள், காரணம் தண்ணீரா கரண்ட்டா?

தாம்வே தொட்டி
வணக்கம். யாங்கோன் தாம்வேயில் இருக்கிறேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் செடி வளர்க்கும் ஒரு மீன்தொட்டி, வைத்து ஐந்து மாதம் ஆகிறது. மண், கல் போக 45 லிட்டர் தண்ணீர் இருக்கும். வாலிஸ்நேரியா, ஜாவா ஃபெர்ன், கிரிப்டோ எல்லாம் நன்றாகவே வளர்கின்றன. மேற்பரப்பு முழுக்க மிதக்கும் செடி. மீன்கள் 12 கேலக்ஸி ரஸ்போரா, 6 இன்லே சாப்வா. திங்ஜான் (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர் விழா) முடிந்ததிலிருந்து இரண்டு வாரத்தில் 9 மீன் போய்விட்டன. ஒன்றுகூடப் பகலில் சாகவில்லை, எல்லாம் விடிந்து பார்க்கும்போதுதான்.

நேற்று மாலை 4 மணிக்குச் சோதித்தேன். அம்மோனியா 0.25, நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 10, பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) 7.2, சூடு 31 டிகிரி. ஒவ்வொரு ஞாயிறும் மாலை ஆறு மணிக்குப் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு வீட்டு அவீசிக் கிணற்று (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீர் ஊற்றுவேன். செத்த 9 மீனில் 6 இரண்டு திங்கட்கிழமைகளில் போனவை. மீன் வாங்கிய கடையில் நீல மருந்தும் உப்பும் போட்டு, ஃபில்டரைச் சுத்தமாகக் கழுவி, தண்ணீர் முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பாகோ பெரியவர்
செய்யாதீர்கள் தம்பி. ஃபில்டர் பஞ்சைக் கழுவித் தள்ளினால் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவும் அதோடு போய்விடும். நீல மருந்து மிச்சத்தையும் கொல்லும், செடியையும் வாட்டும். உப்பு ஆவியாகிப் போகாது, தண்ணீர் மாற்றினால்தான் குறையும்.

உங்கள் கணக்கே பதில் சொல்கிறது. 9 மீனில் 6 திங்கட்கிழமை செத்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஊற்றிய தண்ணீரைத்தான் நான் சந்தேகப்படுவேன். அவீசி என்பது புத்த நூல்களில் வரும் ஆக ஆழமான நரகத்தின் பெயர். ஆழ்துளைக் கிணற்றுக்கு இந்த ஊர்க்காரர்கள் அந்தப் பெயரை வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அவ்வளவு ஆழத்திலிருந்து வரும் தண்ணீர் காற்றைப் பார்த்ததே இல்லை. அதில் ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு அதிகம், நம் பக்கத்தில் பெரும்பாலும் இரும்பும் இருக்கும். ஒரு வாளியில் பிடித்து உடனே பிஎச் பாருங்கள். ராத்திரி முழுக்க வைத்திருந்து காலையில் கலக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

மோல்மேன் செல்வி
மருந்து வேண்டாம் என்பதில் ஐயாவோடு எனக்கு ஒரு மனம். மற்றதில் இல்லை. தம்பி, ராத்திரி உங்கள் வீட்டில் கரண்ட் இருக்கிறதா? கரண்ட் போனால் ஃபில்டர் நின்றுவிடும், தண்ணீர் அசையாது. இருட்டில் செடிகளும் மீனைப்போலவே ஆக்சிஜனை எடுத்துக் கரியமில வாயுவை விடும். மேலே மிதக்கும் செடி மூடி போட்டதுபோல் கிடக்கிறது. விடிகிற நேரம்தான் ஆக்சிஜன் ஆகக் கீழே இறங்கியிருக்கும். மாலை 4 மணிக்குச் சோதித்தால் தொட்டி தன் நல்ல முகத்தைத்தான் காட்டும். நாளைக்கு விடியற்காலை எழுந்து, விளக்கைப் போடாமல் டார்ச் அடித்துப் பாருங்கள்.

தாம்வே தொட்டி
அக்கா, எங்கள் தெருவில் ராத்திரி ஏழு மணிக்குக் கரண்ட் போனால் பெரும்பாலும் விடியற்காலைதான் வருகிறது.

இன்று 4.30 மணிக்கு எழுந்து பார்த்தேன். மீன்கள் எல்லாம் மேலே, மிதக்கும் செடிகளின் வேர் நடுவில் இருந்த சின்ன இடைவெளிகளில் வாயை வைத்துக்கொண்டு நின்றன. கேலக்ஸியின் முத்துப்புள்ளிகள் வெளிறியிருந்தன, செவுள் படபடவென்று அடித்தது. நத்தைகள் ஒன்று விடாமல் கண்ணாடியில் ஏறி நீர்மட்டத்துக்கு மேலே வந்து ஒட்டியிருந்தன. பகலில் வாலிஸ்நேரியா இலையில் மணிமணியாக ஒட்டியிருக்கும் குமிழ் ஒன்றுகூட இல்லை. பிஎச் 6.4. ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றினேன். இருபது நிமிடத்தில் பாதி மீன்கள் கீழே இறங்கின.

மோல்மேன் செல்வி
மாலையில் 7.2, விடியலில் 6.4. கரியமில வாயு தண்ணீரில் கரைந்தால் அமிலமாகும், பிஎச் இறங்கும். ராத்திரியில் சேர்ந்த கரியமில வாயுதான் அந்த இறக்கம். குவளையால் ஊற்றியதும் மீன் கீழே இறங்கியதே, அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பாகோ பெரியவர்
சாட்சி இருக்கிறதம்மா, மறுக்கவில்லை. ஆனால் செவ்வாய், புதன், வியாழன் ராத்திரியும் கரண்ட் போகிறது. ராத்திரிதான் கொல்கிறது என்றால் அந்த நாட்களில் ஏன் இரண்டு வாரத்துக்கும் சேர்த்து மூன்று மீன் மட்டும்? அம்மோனியா 0.25 காட்டுகிறதே, அதையும் விட்டுவிட முடியாது.

மோல்மேன் செல்வி
அம்மோனியாவைக் கணக்குப் போட்டே பார்ப்போம் ஐயா. சோதனை காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் மீனைக் கொல்வது தனித்த அம்மோனியா மட்டும். 30 டிகிரி சூட்டில் பிஎச் 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, பிஎச் 8 என்றால் ஏழரைப் பங்கு. விடியலில் பிஎச் 6.4 இருக்கும் தொட்டியில் 0.25 என்பது பயப்படுகிற அளவு அல்ல. திங்கட்கிழமை கணக்குக்கு மட்டும் என்னிடம் இன்னும் பதில் இல்லை.

ஷான்மலைக்காரன்
நீங்கள் இரண்டு பேரும் பேசாத ஒன்று இருக்கிறது. அந்த மீன்கள் யாங்கோன் மீன்களே இல்லை. கேலக்ஸியை 2006-இல்தான் எங்கள் ஷான் மலையில், தௌன்ஜிக்குக் கிழக்கே ஹோபோங் பக்கத்துக் குட்டைகளில் கண்டுபிடித்தார்கள். ஆயிரம் மீட்டருக்கு மேலே, செடி அடர்ந்த தெளிந்த தண்ணீர், 22 முதல் 24 டிகிரி. சாப்வா இன்லே ஏரிக்கே உரியது, அந்தத் தண்ணீர் சுண்ணாம்புக்கல் தண்ணீர். அவற்றைக் கொண்டுவந்து சித்திரை வெயிலில் 31 டிகிரியில் வைத்துவிட்டுக் கரண்ட்டையும் கிணற்றையும் குற்றம் சொல்கிறீர்கள். 23 டிகிரியில் லிட்டருக்கு 8.6 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 31-இல் 7.4 தான். எங்கள் ஊர் மீன் இப்படி மூச்சுமுட்டிச் சாவதைப் படிக்கவே கஷ்டமாக இருக்கிறது.

மோல்மேன் செல்வி
உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்த 8.6 கடல்மட்டக் கணக்கு. ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அங்கே 23 டிகிரியில் கரைவதும் கிட்டத்தட்ட 7.6 தான் வரும். ஆகவே தண்ணீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜனில் மலைக்கும் யாங்கோனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மீனின் தேவைதான் கூடுகிறது. சூடு ஏற ஏற உடம்பு வேகமாக ஓடும், மூச்சு அதிகம் வேண்டும். சூட்டில் மட்டும் மீன் சாகவில்லை, மற்றதைத் தாங்கும் சக்தியைச் சூடு எடுத்துவிடுகிறது. நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

ஷான்மலைக்காரன்
உயரத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை, சரி. ஆனாலும் அந்த இரண்டையும் யாங்கோனில் கோடைக்கு வைக்கக் கூடாது என்பதில் மாற மாட்டேன். கப்பி வளருங்கள், சூட்டையும் தாங்கும், கடினத் தண்ணீரும் பிடிக்கும்.

தாம்வே தொட்டி
வாளிச் சோதனை முடிந்தது ஐயா. குழாயிலிருந்து பிடித்தவுடன் பிஎச் 6.2, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. மறுநாள் காலை கலக்கிவிட்டுப் பார்த்தால் 7.3. வாளியின் அடியில் செங்கல் பொடி கரைத்த மாதிரி ஒரு படிவு, விரலால் தொட்டால் வழுக்கியது. தண்ணீரின் மேலே எண்ணெய் படர்ந்ததுபோல் மெல்லிய ஏடு.

பாகோ பெரியவர்
அதுதான் இரும்பு. காற்றுப் பட்டதும் துருவாக மாறுகிறது, மாறும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்கிறது. மீனின் செவுளிலும் படியும். பிஎச் 6.2-இலிருந்து 7.3-க்கு ஏறியது கரியமில வாயு வெளியேறியதால். தொட்டியில் பாதியை இப்படிப்பட்ட தண்ணீராக மாற்றியிருக்கிறீர்கள் தம்பி. நான் சொன்னது இதைத்தான்.

மோல்மேன் செல்வி
ஐயா, இப்போது திங்கட்கிழமைக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆறு மணிக்கு ஊற்றுகிறார், ஏழு மணிக்குக் கரண்ட் போகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் ஃபில்டர் எவ்வளவு காற்றேற்றிவிட முடியும்? ஆக்சிஜன் குறைந்த தண்ணீரோடு தொட்டி ராத்திரிக்குள் போகிறது. இதே தண்ணீரைக் காலை எட்டு மணிக்கு ஊற்றி, பகல் முழுக்க வெளிச்சமும் ஃபில்டரும் இருந்திருந்தால் இந்த ஆறு மீனும் செத்திருக்காது.

பாகோ பெரியவர்
நல்ல தண்ணீராக இருந்திருந்தால் ஆறு மணிக்கு ஊற்றினாலும் செத்திருக்காது. காலையில் ஊற்றினாலும் செவுளில் துரு படியத்தான் செய்யும். நாற்பது வருஷமாக மீன் வளர்க்கிறேன், பிடித்த தண்ணீரை அப்படியே ஊற்றி நல்லபடியாக முடிந்ததை நான் பார்த்ததில்லை.

தம்பி, ஒரு வாரம் தண்ணீரை மட்டும் மாற்றிப் பாருங்கள், மறுவாரம் காற்றை மட்டும். யார் சொன்னது சரி என்று தெரிந்துவிடும்.

தாம்வே தொட்டி
மன்னிக்கணும் ஐயா, அதை மட்டும் செய்ய மாட்டேன். மிச்சம் இருப்பது 9 மீன். எது கொல்கிறது என்று தெரிந்துகொள்ள இன்னொரு மீனைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இரண்டையும் சேர்த்தே செய்கிறேன்.

தாம்வே தொட்டி
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கிணற்றுத் தண்ணீரை டிரம்மில் பிடித்து இரண்டு நாள் வைக்கிறேன், கரண்ட் இருக்கும்போது அதில் குமிழ் விடும் காற்றுக்கல் ஓடுகிறது. துரு அடியில் தங்கியதும் மேல் தண்ணீரை மட்டும் துணியில் வடிகட்டி எடுக்கிறேன். வாரம் ஒருமுறை, காலையில், 7 லிட்டர்தான். பவர் பேங்க்கில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வாங்கினேன், ராத்திரி முழுக்கத் தாங்குகிறது. மிதக்கும் செடியில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டேன். கண்ணாடி மூடியையும் எடுத்ததில் சூடு 29-க்கு இறங்கியது. விடியற்காலை பிஎச் இப்போது 6.9. ஒரு மீனும் சாகவில்லை. நத்தைகள் காலையில் மண்ணில்தான் இருக்கின்றன.

பாகோ பெரியவர்
சந்தோஷம் தம்பி. டிரம்மின் அடித்தண்ணீரை மட்டும் ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

மோல்மேன் செல்வி
பம்ப் இல்லாமல் டிரம் மட்டும் இருந்திருந்தால் வாரநாட்களில் போன அந்த மூன்று மீனைக் காப்பாற்றியிருக்க முடியாது ஐயா, இதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். தம்பி, பவர் பேங்க்கைப் பகலிலேயே சார்ஜ் போட்டுவிடுங்கள்.

ஷான்மலைக்காரன்
29-உம் அந்த மீனுக்கு அதிகம்தான். மழை பிடிக்கும்வரை புது மீன் எதுவும் விடாதீர்கள். சாப்வா இரண்டு மட்டும் மிஞ்சியிருப்பதாகக் கணக்குப் பார்த்தேன், சரியா? அவை கூட்டமாக வாழ்கிற மீன்.

தாம்வே தொட்டி
இரண்டுதான் அண்ணே. கேலக்ஸி கூட்டத்தோடு சேர்ந்து சுற்றுகின்றன. மழை வரட்டும், அதுவரை எதுவும் வாங்கப் போவதில்லை.