எப்ப வருவான் எண்டு தெரிஞ்சும் பயந்த படம்

(‘ஹலோவீன்’ படத்தில பயந்த இடத்தைப் பற்றி மூண்டு ஊர் ஆக்கள் சொன்னது)

உரும்பிராய்:
2022 பங்குனிக் கடைசி, 13 மணித்தியாலம் கரண்ட் நிண்ட நாள். லப்டொப்பில மிஞ்சின சார்ச்சில ‘ஹலோவீன்’ போட்டம், அந்த வரிசையில 1978 இல வந்த முதல் படம். முகமூடி போட்ட கொலைகாரன் ஒருத்தன் ஒரு பெட்டைக்குப் பின்னால திரியிற கதை, உங்களுக்குத் தெரியும்தானே. ஆர் ஆர் சாகப்போகினம் எண்டு தங்கச்சி முதலே விரல் மடிச்சுச் சொல்லிப்போட்டாள், ஒண்டும் பிழைக்கேல்லை. ஆனா அந்தப் பெட்டை யன்னலால பாக்க, கொடியில காயிற உடுப்புகளுக்கு நடுவில அவன் சும்மா நிக்கிறான். திரும்பப் பாத்தா ஆளில்லை. கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை, அதாலதான் பயம்.

படம் முடிய முதல் சார்ச் போட்டுது. அம்மா பின்வளவில காயிற சீலையை எடுத்துக்கொண்டு வா எண்டா. வெள்ளைச் சீலை, காத்துக்கு உப்பிறதும் வடியிறதுமா நிக்குது. கீழ்க்கரைக்கு அங்கால ரெண்டு கால். நான் போகேல்லை. கிணத்தடி வாழைக்குத்தி எண்டு விடியத்தான் கண்டன். இண்டைக்கும் பொழுதுபட்டா கொடிப்பக்கம் போகமாட்டன்.

கொக்குவில்:
ரத்தம் இல்லாததாலதான் பயம் எண்டுறதை நான் ஒத்துக்கொள்ளன் தம்பி. பயம் முழுக்க அந்தப் பியானோவில கிடக்கு. டிரெக்டர் ஜோன் கார்பென்டரே போட்ட இசை, தாளம் 5 எண்ணிக்கை. 4 இல முடியும் எண்டு மனம் இருக்க, ஒண்டு கூட வந்து விழும். 90களில இஞ்ச கரண்டே இல்லை, வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்துத்தான் பாத்தனாங்கள். ஜெனரேற்றர் இரைச்சலில இசை கேக்கேல்லை, எனக்குப் பயமும் வரேல்லை. கனகாலத்துக்குப் பிறகு ஹெட்போனில கேட்டன். அறைக்கதவைச் சாத்திப்போட்டு வந்துதான் மிச்சம் பாத்தனான்.

சாவகச்சேரி:
எனக்கு, இருட்டு வாசலில முகமூடி மெல்ல மெல்ல வெளிக்கிற இடம். அந்த நேரம் பாத்து வெளியில காவோலை ஒண்டு விழுந்துது. அவ்வளவுதான்.

இஞ்ச குறும்படம் எடுக்கிற பெடியளுக்கு ஒண்டு சொல்லோணும். சாயரத்தத்துக்குக் காசைக் கொட்டாதேங்கோ. அந்தப் படமே 3 லட்சத்துச் சொச்சம் டொலரில முடிஞ்சது. முகமூடி கடையில வாங்கின மலிவுச் சாமான், வெள்ளை அடிச்சுக் கண்ணோட்டையைப் பெருப்பிச்சவை. கதை நடக்கிறது இலையுதிர்காலத்தில, ஆனா கலிபோர்னியாவில வசந்தகாலத்தில எடுத்தபடியால், இலைக்கு நிறம் பூசி, ஒரு காட்சி முடியக் கூட்டி அள்ளி அடுத்ததுக்குப் போட்டவை. எங்களுக்கு அந்தக் கரைச்சலும் இல்லை. பனங்காணிக்குள்ள சாமத்தில ஒரு ரோச்சோட நில்லுங்கோ, காவோலை உரசிற சத்தத்தை முதல் பதிஞ்சு எடுங்கோ, கதையைப் பேந்து யோசிக்கலாம். கொலைகாரனை ஓட விடாதேங்கோ, நிக்க விடுங்கோ.

உரும்பிராய்த் தம்பி, அந்தக் கொடியை இடம் மாத்திப்போடாதேங்கோ. உங்க வந்து ஒருக்கா எடுக்கலாமோ எண்டு அம்மாட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ.